ஆறு தூங்குகிறதா?

ஏலாக்குறிச்சி தெரியுமா உங்களுக்கு? அரியலூர் மாவட்டம், திருமானூர் பக்கம், கொள்ளிடத்தின் வடகரை. அடைக்கல மாதா கோயில் இருக்கிற ஊர். தமிழ்ப் பாடத்தை ஒழுங்காகப் படித்தவர்களுக்கு வேறு பெயரில் தெரிந்திருக்கும்: திருக்காவலூர். இத்தாலியில் 1680-ல் பிறந்து, இங்கே வந்து, 'தேம்பாவணி' பாடி, 'சதுரகராதி' தொகுத்த பெஸ்கி பாதிரியார், அதாவது நம் வீரமாமுனிவர், பல வருடம் வாழ்ந்த ஊர். அந்தப் பெயரைக் கொடுத்தவரும் அவர்தான்.

அங்கே எந்தப் பெரியவரைக் கேட்டாலும் ஒரு கதை சொல்வார். அரியலூரை ஆண்ட மழவராயருக்கு ராஜபிளவை வந்தது. வைத்தியர்கள் கைவிட்டார்கள். வீரமாமுனிவரிடம் அழைத்து வந்தார்கள். அவர் மாதாவை வேண்டிக்கொண்டு மண்ணும் பச்சிலையும் வைத்துக் கட்டினார். பிளவை ஆறியது. மகிழ்ந்துபோன மழவராயர் கோயிலுக்கு நிலம் கொடுத்தார். சொல்கிற ஆளைப் பொறுத்து விவரங்கள் கொஞ்சம் மாறும். ராஜா பிழைத்தது மட்டும் மாறாது.

இந்தக் கதையைச் சந்தேகப்பட நான் வரவில்லை. அது நம்பிக்கையும் நன்றியும் சம்பந்தப்பட்ட விஷயம். நான் கவனித்தது ஒன்றுதான்: கதையில் நோயாளி ஒரே ஒருவர். அவர் பிழைத்தார், கதையும் பிழைத்தது. அதே காலத்தில் அதே பிளவையோடு அதே மண்ணைப் பூசி இறந்துபோன குடியானவன் ஒருவன் இருந்திருந்தால், அவனைப் பற்றி யார் கதை சொல்லியிருப்பார்கள்?

முந்நூறு வருடமாகப் போகிறது. முதுகுத்தண்டு ஆபரேஷனுக்கும் மூளை ஆபரேஷனுக்கும் இன்று வருகிற விளம்பரங்களைப் பாருங்கள். அதே கதைதான். மண்ணுக்குப் பதில் டைட்டானியம் ஸ்க்ரூ. அதுதான் இந்த வாரம் என் புகார்.

ஏலாக்குறிச்சியில் எனக்கு ஒரு பெரியப்பா. அறுபத்திரண்டு வயது. சில வருடங்களுக்கு முன் ஒருநாள் உர மூட்டையைத் தூக்கினார். இடுப்பில் 'சுருக்'கென்றது. மறுநாள் வலது தொடையிலிருந்து பாதம் வரை மின்சாரம் பாய்ந்த மாதிரி வலி. எண்ணெய் தேய்த்தார், ஒத்தடம் கொடுத்தார், மூன்று வாரம் பார்த்தார். பிறகு ஆற்றுக்கு அக்கரையில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனார். அன்று ராத்திரி எனக்கு போன்.

"தம்பி, வெள்ளிக்கிழம ஆபரேஷன். ஆத்தோரத்து அரை ஏக்கருக்கு ஆள் பாத்தாச்சு."

"என்ன பெரியப்பா சொன்னாங்க டாக்டர்?"

"எல்-4, எல்-5-ன்னு ஏதோ சொன்னாரு. டிஸ்க்கு பிதுங்கிப் போச்சாம். ஸ்கேன்லயே தெரியுது, நானே பாத்தேன்யா. ரெண்டு ஸ்க்ரூ வெச்சாத்தான் ஆச்சாம். இல்லன்னா கால் விளங்காமப் போயிடுமாம்."

மறுநாள் போனேன். மருத்துவமனை வரவேற்பறையில் ஒரு டி.வி. அதில் வரிசையாக ஆட்கள் வந்து, "படுக்கையில கெடந்தேன், இப்ப மாடிப்படி ஏறுறேன்" என்று ஏறிக் காட்டினார்கள். பெரியப்பா கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மழவராயர் ஞாபகம் வந்தது.

'நானே பாத்தேன்யா' என்றாரே, அதிலிருந்து ஆரம்பிப்போம். முதுகு வலியே இல்லாத ஆட்களைப் பிடித்து ஸ்கேன் எடுத்தால் என்ன தெரியும்? பல நாடுகளில் இப்படி எடுத்த 33 ஆய்வுகளை, மொத்தம் 3,110 பேர், 2015-ல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். இருபது வயதுக்காரர்களிலேயே நூற்றுக்கு 30 பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்தது. அறுபது வயதில் 69 பேருக்கு. எண்பதில் 84 பேருக்கு. இவர்கள் யாருக்கும் வலி கிடையாது. தலைமுடி நரைக்கிற மாதிரி டிஸ்க்கும் தேய்கிறது, பிதுங்குகிறது. ஸ்கேனில் டிஸ்க் பிதுங்கித் தெரிவதும் நிஜம், பெரியப்பாவின் வலியும் நிஜம். இதனால்தான் அது என்பதற்கு ஸ்கேன் மட்டும் சாட்சி ஆகாது. டாக்டர் காலைத் தூக்கிப் பார்த்து, விரலை மடக்கச் சொல்லி, சுத்தியலால் தட்டி, இரண்டும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். அன்று பெரியப்பாவின் காலை யாரும் தூக்கிப் பார்க்கவில்லை. ஃபிலிமைத்தான் தூக்கிப் பார்த்தார்கள்.

சரி, விளம்பரத்தில் மாடி ஏறினவர்கள் பொய்யா என்று கேட்பீர்கள். இல்லை. அவர்கள் நிஜமாகவே குணமானவர்கள்தான். எதனால் குணமானார்கள் என்பதுதான் கேள்வி. இதற்கு விடை சொல்ல வீரமாமுனிவரையே கூப்பிடுகிறேன்.

அவர் எழுதிய பரமார்த்த குருவின் கதையை நாம் சிறுவர் கதை என்று ஒதுக்கிவிட்டோம். குருவும் ஐந்து சீடர்களும் ஒரு ஆற்றங்கரைக்கு வருகிறார்கள். விழித்திருக்கிற ஆறு ஆளை விழுங்கும், தூங்கும்போதுதான் கடக்க வேண்டும் என்பது குருவின் அபிப்பிராயம். ஒரு சீடன் எரிகிற கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைக்கிறான். 'சுர்'ரென்று புகை. ஐயோ, விழித்திருக்கிறது! ஓடி வருகிறார்கள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொருவன் அதே கட்டையைக் கொண்டுபோய் வைக்கிறான். சத்தமே இல்லை. ஆறு தூங்கிவிட்டது! எல்லோரும் கடக்கிறார்கள்.

சிரிக்கிறோம். ஆனால், அவன் செய்தது என்ன? ஒரு பரிசோதனை. முன்னால் பார்த்தான், பின்னால் பார்த்தான், வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டான். இடையில் மாறியது ஆறு இல்லை, கட்டை என்பதைத்தான் கவனிக்கவில்லை. டிஸ்க் பிதுங்கி வருகிற கால்வலி பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில், சில மாதங்களில் தானாகவே தணியும். பிதுங்கின பகுதி சுருங்குவதும் உண்டு. கொள்ளி தானாக அணைந்துகொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் நீங்கள் எண்ணெய் தேய்த்தால் எண்ணெய்க்குப் பெயர். பெல்ட் போட்டால் பெல்ட்டுக்குப் பெயர். கத்தி வைத்தால் கத்திக்குப் பெயர்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க மருத்துவ உலகம் கண்டுபிடித்த வழி ரொம்ப எளிமையானது. ஒரே மாதிரி நோயாளிகளை எடுத்துக்கொண்டு சீட்டுக் குலுக்கிப் போடுவது. பாதிப் பேருக்கு இந்த வைத்தியம், பாதிப் பேருக்கு அந்த வைத்தியம். யாருக்கு எது என்பதை டாக்டரும் தீர்மானிக்கக் கூடாது, நோயாளியும் தீர்மானிக்கக் கூடாது. கொள்ளி அணைவதாக இருந்தால் இரண்டு பக்கமும் அணையும். அதற்கு மேல் வித்தியாசம் தெரிந்தால் அதுதான் வைத்தியத்தின் பலன்.

நெதர்லாந்தில் கால்வலியோடு வந்த 283 பேரை இப்படிப் பிரித்தார்கள். முடிவு 2007-ல் வந்தது. ஒரு பகுதிக்குச் சீக்கிரமே ஆபரேஷன். மற்றவர்கள் பொறுத்திருக்க வேண்டும், தாங்க முடியாவிட்டால் ஆபரேஷன். பொறுத்திருந்தவர்களில் 39 சதவிகிதம் பேர் கடைசியில் ஆபரேஷனுக்குப் போனார்கள். மற்றவர்களுக்குத் தேவைப்படவில்லை. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பகுதியிலும் 95 சதவிகிதம் பேர் தேறிவிட்டார்கள். அப்படியானால் ஆபரேஷன் வீணா? அதுவும் இல்லை. ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு வலி சீக்கிரம் போனது. ஆக, அரை ஏக்கருக்குக் கிடைப்பது சில மாத வலியிலிருந்து விடுதலை. சிலருக்கு அது அந்த விலை பெறும், சிலருக்குப் பெறாது. அதைத் தீர்மானிக்க வேண்டியவர் பெரியப்பா. 'கால் விளங்காமப் போயிடும்' என்று பயமுறுத்திய பிறகு அவர் எங்கே தீர்மானிப்பது?

ஹாலந்து ஆளும் ஏலாக்குறிச்சி ஆளும் ஒன்றா, அவன் உர மூட்டை தூக்குவானா என்று கேட்டால், நியாயமான கேள்வி. நம் ஊர் உதாரணம் இருக்கிறது. அதைத்தான் ஒவ்வொரு தமிழனும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

சென்னை சேத்துப்பட்டில் 1956-ல் காசநோய்க்கு ஒரு ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். இன்று அதற்கு தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர். அவர்கள் செய்த முதல் வேலையே உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது. டி.பி. என்றால் சானடோரியத்தில் படுக்க வேண்டும், நல்ல காற்று, பால், முட்டை, ஓய்வு என்று இருந்த காலம். 193 நோயாளிகளைப் பிரித்து, ஒரு பகுதியை சானடோரியத்துக்கும் மற்றவர்களை மருந்தோடு அவரவர் வீட்டுக்கும் அனுப்பினார்கள். நெருக்கடியான வீடு, அரை வயிற்றுச் சாப்பாடு, வேலை. 1959-ல் முடிவு வந்தபோது வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குத் தேறியிருந்தார்கள். அதன்பின் உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டன.

அதே மையம் முதுகெலும்பு டி.பி.யையும் எடுத்துக்கொண்டது. கிருமி முதுகெலும்பை அரிக்கும், எலும்பு நொறுங்கும், கூன் விழும், சிலருக்குக் கால் போகும். இதற்கு ஹாங்காங்கில் ஒரு பெரிய ஆபரேஷன் பிரபலமாக இருந்தது. முன்பக்கமாகப் போய், அரித்த எலும்பை வெட்டி எடுத்துவிட்டு, வேறு எலும்பை ஒட்டவைப்பது. கேட்டாலே இதுதான் சரி என்று தோன்றும். கெட்டுப்போனதை எடுத்துவிட்டு நல்லதை வைக்கிறார்கள், இதற்கு மேல் என்ன வேண்டும்? சென்னையில் அந்த 'தோன்றும்'-ஐ நம்பவில்லை. கால் செயலிழக்காத நோயாளிகளைச் சீட்டுப் போட்டு மூன்றாகப் பிரித்தார்கள். முதல் பகுதிக்கு ஆபரேஷனும் ஆறு மாத மாத்திரையும். இரண்டாவது பகுதிக்கு நடமாடிக்கொண்டே ஆறு மாத மாத்திரை மட்டும். மூன்றாவது பகுதிக்கு ஒன்பது மாத மாத்திரை மட்டும்.

பிறகு பத்து வருடம் விடாமல் பின்தொடர்ந்தார்கள். யோசித்துப் பாருங்கள், பத்து வருடம். வீடு மாறினவர், ஊர் மாறினவர், கல்யாணமாகிப் போனவர் எல்லோரையும் தேடிப் பிடிக்க வேண்டும். 1999-ல் முடிவு வெளியானது. ஆபரேஷன் ஆன 78 பேரில் நல்ல நிலையில் இருந்தவர்கள் 90 சதவிகிதம். ஆறு மாத மாத்திரை சாப்பிட்ட 78 பேரில் 94. ஒன்பது மாத மாத்திரை சாப்பிட்ட 79 பேரில் 99.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது இந்த எண்களைவிட, கூடவே அவர்கள் சொன்ன ஒரு எச்சரிக்கை. பதினைந்து வயதுக்குக் கீழ், ஆரம்பத்திலேயே 30 டிகிரிக்கு மேல் கூன் விழுந்த குழந்தைகளுக்கு மாத்திரை மட்டும் போதாது, கூன் அதிகமாகிவிடும் என்று எழுதியிருந்தார்கள். 'ஆபரேஷன் வேண்டாம்' என்று கொடி பிடிக்கவில்லை. யாருக்கு வேண்டாம், யாருக்கு வேண்டும் என்று பிரித்துச் சொன்னார்கள். நல்ல ஆராய்ச்சிக்கு அடையாளம் இதுதான். இந்த ஆய்வால் எத்தனை பேருடைய நெஞ்சுக்கூடு திறக்கப்படாமல் தப்பித்திருக்கும்! அவர்கள் யாரும் டி.வி.யில் வந்து மாடிப்படி ஏறிக் காட்டப்போவதில்லை. தப்பித்தோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

இதைவிட நாடகத்தனமான ஒரு ஆய்வும் உண்டு. வயதானவர்களுக்கு எலும்பு மெலிந்து முதுகெலும்பு நசுங்கும். ஊசி வழியாக உள்ளே ஒருவகை சிமென்ட்டைச் செலுத்தி இறுக்குவார்கள். அரியலூர்க்காரர்களுக்கு சிமென்ட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் இது வேறு சிமென்ட். போட்ட மறுநாளே வலி குறைந்தது என்று நோயாளிகள் சொன்னார்கள், டாக்டர்களும் நம்பினார்கள். 2009-ல் இரண்டு ஆய்வுகள் ஒன்றாக வந்தன. ஒன்றில் 78 பேர், இன்னொன்றில் 131 பேர். பாதிப் பேருக்கு நிஜ சிமென்ட். மற்றவர்களுக்கு பொய் ஆபரேஷன். அதே அறை, அதே மேஜை, மரத்துப்போக ஊசி, முதுகில் அழுத்தம், டாக்டர்கள் பேசிக்கொள்கிற பேச்சு எல்லாம் உண்டு. சிமென்ட் குப்பியைத் திறந்து அந்த வாசனையைக்கூட அறையில் பரவவிட்டார்கள். சிமென்ட் மட்டும் கிடையாது.

இரண்டு பகுதிக்கும் வலி ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைந்தது. வாசனைக்கே பாதி வலி போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

டாக்டர்கள் சும்மா இருப்பார்களா? சண்டை. முறிவு புதிதாக இருக்கும்போதே போட்டால் பலன் உண்டு என்று 2016-ல் ஒரு ஆய்வு. இல்லை என்று 2018-ல் இன்னொன்று. நடக்கட்டும். வேறு வேறு அனுபவம் உள்ளவர்கள் கணக்கைக் காட்டிச் சண்டை போடுவது ஆரோக்கியமான விஷயம். கணக்கே காட்டாமல் வீடியோ காட்டுவதுதான் ஆபத்து.

வெட்டுகிறவர்களைத் திட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். 1949-ல் வேலூரில் ஜேக்கப் சாண்டியும், 1950-ல் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் டாக்டர் பி.ராமமூர்த்தியும் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையை ஆரம்பித்தபோது, இந்தியாவில் மண்டையைத் திறந்து வைத்தியம் பார்க்க ஆளே கிடையாது. ஸ்கேனும் கிடையாது. அவர்கள் கையால் பிழைத்தவர்கள் ஏராளம். மூளைக்குள் ரத்தம் உறைந்து அமுக்கும் விபத்துக் கேஸுக்கு யாரும் சீட்டுக் குலுக்கிப் பார்க்கத் தேவையில்லை. சிக்கல், அப்படிப் பளிச்சென்று தெரியாத இடங்களில்தான். மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் அடைபட்டால், மண்டைக்கு வெளியே உள்ள குழாயை எடுத்து உள்ளே ஒட்டவைத்து பைபாஸ் செய்யலாம் என்று 1967-ல் ஆரம்பித்தார்கள். அபாரமான கைத்திறன் வேண்டும். உலகம் முழுக்க செய்தார்கள். 1985-ல் 1,377 பேரை வைத்துக் கணக்குப் பார்த்தபோது, பக்கவாதம் திரும்ப வருவது குறையவில்லை என்று தெரிந்தது. பதினெட்டு வருடம்! அதுவரை செய்த ஒவ்வொரு சர்ஜனும் 'என் நோயாளிகள் நன்றாக இருக்கிறார்கள்' என்றுதான் சொன்னார்கள். அதில் பொய்யும் இல்லை.

இங்கேயும் பரமார்த்த குருவின் சீடன்தான். ஆற்றைக் கடந்ததும் ஒருவன் எல்லோரையும் எண்ணுகிறான். ஆறு பேர் இருக்க வேண்டும், ஐந்துதான் வருகிறது. தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான். ஒருவனை ஆறு கொண்டுபோய்விட்டதென்று ஒப்பாரி. சர்ஜன் தன் வெற்றிகளை எண்ணும்போதும் ஒரு ஆளை எண்ணாமல் விடுகிறார். அவர் தேர்ந்தெடுத்த நோயாளி, அவர் நம்பிக்கை, அவர் ஆசை, அவர் பில். எண்ணுகிறவனையும் சேர்த்து எண்ணுவதற்குத்தான் இவ்வளவு சீட்டும் குலுக்கலும்.

பக்கவாதத்துக்கு வருவோம். நம் ஊர்களில் யாருக்காவது ஒரு பக்கம் விழுந்துவிட்டால் புறாவைத் தேடி ஓடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். புறா ரத்தம் தடவினால் கை கால் வந்துவிடும் என்று நம்பிக்கை. 'எங்க மாமாவுக்கு வந்துச்சே' என்பார்கள். வந்திருக்கும். பக்கவாதத்தில் பிழைத்தவர்களுக்கு முதல் மூன்று மாதத்தில் ஓரளவு தானாகவே பலம் திரும்பும். மறுபடியும் அணைந்த கொள்ளி. புறாவுக்குத்தான் தலைவிதி.

ஆனால், முதுகு டிஸ்க்குக்குச் சொன்ன 'பொறுத்துப் பார்ப்போம்' இங்கே செல்லாது. நேர் எதிர். மூளைக்குழாயில் அடைப்பு என்றால், கட்டியைக் கரைக்கிற ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். இதைச் சொன்னதும் சீட்டுக் குலுக்கிய ஆய்வுகள்தான், 1995-லும் 2008-லும். பெரிய குழாயில் அடைப்பு என்றால் தொடை வழியாகக் கம்பி விட்டு அடைப்பையே இழுத்து எடுக்கிறார்கள். இந்த வைத்தியத்தின் கதை சுவாரஸ்யமானது. 2013-ல் மூன்று ஆய்வுகளில் தோற்றது. கருவியை மாற்றினார்கள், யாருக்குச் செய்வது என்பதைச் சரியாகப் பார்த்தார்கள். 2015-ல் 500 பேரை வைத்துச் செய்த நெதர்லாந்து ஆய்வில் ஜெயித்தது. பிறர் உதவியில்லாமல் வாழ்கிற நிலைக்குத் திரும்பியவர்கள் 19 சதவிகிதத்திலிருந்து 33 ஆனார்கள். தோற்றதை ஒப்புக்கொண்டதால்தான் ஜெயிக்க முடிந்தது. எல்லோருமே மாடிப்படி ஏறுகிற வீடியோவில் இந்தப் பாடம் கிடைக்காது.

எண்கள் பதில் சொல்ல முடியாத இடமும் இருக்கிறது. பெரிய பக்கவாதத்தில் மூளை வீங்கும். மண்டை ஓட்டின் ஒரு பகுதியைத் தற்காலிகமாக எடுத்து வைத்தால் வீக்கத்துக்கு இடம் கிடைக்கும். அறுபது வயதுக்கு உட்பட்ட 93 பேரின் கணக்கை 2007-ல் சேர்த்துப் பார்த்தார்கள். ஆபரேஷன் இல்லாமல் பிழைத்தவர்கள் 29 சதவிகிதம். ஆபரேஷனோடு 78. பிரமாதம் என்று தோன்றும். ஆனால், கூடுதலாகப் பிழைத்தவர்களில் பாதிக்கு மேல், ஆள் துணையில்லாமல் நடக்கக்கூட முடியாத நிலையில் பிழைத்தார்கள். இதை வீட்டாரிடம் ராத்திரி இரண்டு மணிக்கு, கையெழுத்து வாங்கும்போது சொல்கிறார்களா? 'உயிர் பிழைச்சுடுவாரா?' என்றுதான் நாமும் கேட்கிறோம். 'எப்படிப் பிழைப்பார்?' என்று கேட்பதில்லை. ஆய்வு கணக்குக் கொடுக்கும். அந்த வாழ்க்கை அவருக்குச் சம்மதமா என்பதை வீட்டார்தான் சொல்ல வேண்டும்.

ஆராய்ச்சி என்று சொல்லிக்கொண்டு வருவதெல்லாம் புனிதமும் இல்லை. டிஸ்க் ஆபரேஷனுக்கு அமெரிக்காவில் 501 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு செய்து 2006-ல் வெளியிட்டார்கள். ஆபரேஷன் என்று சீட்டு விழுந்தவர்களில் மூன்று மாதத்துக்குள் செய்துகொண்டவர்கள் பாதிப் பேர்தான். வேண்டாம் என்று சீட்டு விழுந்தவர்களில் 30 சதவிகிதம் பேர் போய்ச் செய்துகொண்டார்கள். இக்கரை ஆட்கள் அக்கரையில், அக்கரை ஆட்கள் இக்கரையில். யாரை எந்தப் பக்கம் எண்ணுவது என்று இன்றுவரை வாதம். இன்னொரு தந்திரம், தோற்ற ஆய்வை மேஜைக்குள் வைத்துப் பூட்டிவிடுவது. அதைத் தடுக்கத்தான் நம் நாட்டில் 2007-ல் மருத்துவ ஆய்வுகளுக்கு ஒரு பதிவேடு தொடங்கி, 2009-லிருந்து பதிவைக் கட்டாயமாக்கினார்கள். ஆட்டத்தை ஆரம்பிக்கும் முன்பே பெயர் கொடுத்துவிட வேண்டும். தோற்றபின் 'நான் ஆடவே இல்லை' என்று சொல்ல முடியாது.

தோல்வியைத் தைரியமாகச் சொன்ன இந்திய ஆய்வு ஒன்றும் சொல்கிறேன். பக்கவாதம் வந்தவருக்குப் பயிற்சி கொடுக்க நம் ஊர்களில் ஆள் பற்றாது. மனைவிக்கும் மகனுக்கும் சொல்லிக்கொடுத்து வீட்டிலேயே செய்யவைத்தால் என்ன? நாடு முழுக்க 14 மருத்துவமனைகள், 1,250 நோயாளிகள். 2017-ல் முடிவு வந்தது. சொல்லிக்கொடுத்த பகுதியிலும் சொல்லிக்கொடுக்காத பகுதியிலும் ஆறு மாதம் கழித்து 47 சதவிகிதம் பேர் இறந்தோ பிறரைச் சார்ந்தோ இருந்தார்கள். எவ்வளவு அழகான யோசனை, பலிக்கவில்லை. பலிக்கவில்லை என்று உலகத்துக்கே சொன்னார்கள் பாருங்கள், அவர்களுக்கு ஒரு கும்பிடு.

பெரியப்பா என்ன ஆனார்? வெள்ளிக்கிழமைக்கு முன்னால் ஒரு அரசு மருத்துவமனை சர்ஜனிடம் கூட்டிப்போனேன். வெளியே மூன்று மணி நேரம் காத்திருப்பு, உள்ளே எட்டு நிமிடம். ஃபிலிமைக் கடைசியில்தான் பார்த்தார். முதலில் காலைத் தூக்கினார், கட்டைவிரலை மேலே தூக்கச் சொல்லி அழுத்தினார்.

"மூத்திரம் போறதுல ஏதாச்சும் கஷ்டம் இருக்கா ஐயா? உக்கார்ற எடம் மரத்துப் போகுதா? கால்ல வெலம் கொறையுதா?"

"இல்லீங்க சார். வலிதான் உசுரு போகுது."

"இதுல ஏதாவது ஒண்ணு வந்துச்சுன்னா ராத்திரின்னு பாக்காம ஓடி வாங்க, அன்னிக்கே ஆபரேஷன். இல்லன்னா ஆறு வாரம் பொறுங்க. படுத்தே கெடக்காதீங்க, நடங்க. அப்பவும் தாங்கலைன்னா நானே பண்றேன். ஸ்க்ரூ எல்லாம் வேணாம்."

பொறுத்தார். இரண்டு மாதத்தில் வலி பெரும்பாலும் போய்விட்டது. அரை ஏக்கர் அவர் பெயரில்தான் இருக்கிறது.

இங்கேதான் உங்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பெரியப்பாவை ஆதாரமாக வைத்து யாருக்கும் 'ஆபரேஷன் வேண்டாம்' என்று யோசனை சொல்லாதீர்கள். நானும்தான் ஒரே ஒரு நோயாளி கதையைச் சொல்லியிருக்கிறேன். அதே தெருவில் இன்னொருவர் அதே கால்வலிக்கு ஆபரேஷன் செய்துகொண்டு, இரண்டே வாரத்தில் எழுந்து நடந்தார், இன்றும் நன்றாக இருக்கிறார். இருவரும் டீக்கடையில் சந்தித்தால் யார் செய்தது சரி என்று வாக்குவாதம். இருவருமே ஜெயிக்க முடியாது, இரண்டு பேரை வைத்துக் கணக்கு வராது.

உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ நாளை இப்படி ஒரு தேதி குறித்தால், டாக்டரிடம் மரியாதையாகக் கேளுங்கள். செய்யாவிட்டால் என்ன ஆகும்? பொறுத்தால் என்ன நஷ்டம்? என்னைப் போன்ற நூறு பேரில் இதனால் கூடுதலாகத் தேறுகிறவர்கள் எத்தனை பேர்? ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு உண்டா? நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

2022-ல் அரியலூருக்கே ஒரு அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. வெளிநாட்டு எண்ணை வைத்தே எத்தனை நாள் பேசுவது? உர மூட்டை தூக்குகிறவன் முதுகு, கரும்பு வெட்டுகிறவள் முதுகு, சிமென்ட் ஆலைக்கு லாரி ஓட்டுகிறவன் முதுகு இவையெல்லாம் எப்படித் தேறுகின்றன என்று சேத்துப்பட்டுக்காரர்கள் மாதிரி யாராவது பத்து வருடம் உட்கார்ந்து எண்ண வேண்டும்.

போன மாதம் பெரியப்பா போன் பண்ணினார். இப்போது முழங்கால் வலியாம். யாரோ வீடியோ அனுப்பியிருக்கிறார்கள், அதில் ஒருவர் மாடிப்படி ஏறுகிறாராம்.

"கொள்ளி எரியுதா அணைஞ்சிருச்சான்னு மொதல்ல பாப்போம் பெரியப்பா" என்றேன்.

"என்னாப்பா சொல்ற?" என்றார்.